உத்தரவு எங்கே என்று கேட்கலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. உணவு டெலிவரி வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு வீடு திரும்பும்போது வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். லைசென்ஸை டிஜிலாக்கரில் திறந்து காட்டினேன். போனைக் கையில் வாங்கிய காவலர் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, அப்படியே வாட்ஸ்அப்பைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். என் அக்கா அனுப்பியிருந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை விரலால் பெரிதாக்கிக்கூடப் பார்த்தார். இன்னொருவர் தன் போனில் என் முகத்தைப் படம் எடுத்தார். எதற்கு என்று கேட்டேன். "செக் பண்றோம், கெளம்பு" என்றார். வழக்கு எதுவும் போடவில்லை. வீட்டில் சொன்னால் அப்பா அவர்கள் பக்கமே பேசுகிறார். 1998இல் கோவையில் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்தவர் அவர். "தப்பு பண்ணாதவனுக்கு என்னடா பயம்? நாலு பேரைச் சோதிச்சாத்தான் நாம நிம்மதியாத் தூங்க முடியும்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. எனக்கு நடந்தது சரியென்றும் மனசு ஒப்பவில்லை. சட்டம் என்ன சொல்கிறது மேடம்?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் அப்பாவைப் பற்றிப் பேசிவிடுகிறேன். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் இருந்தவர்களிடம் பாதுகாப்பு என்பது வெறும் அரசியல் பேச்சு என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரே பிற்பகலில் ஊரின் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 58 பேர் செத்தார்கள். அந்த ஊரில் கடைவீதியில் வேலை பார்த்த ஒரு மனிதர், இரவில் சாலையோரம் பேரிகார்டைப் பார்த்தால் நிம்மதி அடைகிறார் என்றால் அது இயல்பு. அவரோடு இதைப் பேசும்போது அந்த நினைவை எதிர்த்து வாதாடாதீர்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அவருடைய பயத்தைப் பொய்யாக்குவதில் இல்லை.

ஒட்டுக்கேட்பு உயிர்களைக் காக்கும் வேலைக்கு உதவியிருக்கிறது என்பதும் உண்மை. 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோதே, ஹோட்டலுக்குள் இருந்தவர்களுக்கு எல்லைக்கு அப்பாலிருந்து உத்தரவு கொடுத்தவர்களின் போன் பேச்சைப் பதிவு செய்தார்கள். 2012இல் கசாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பதிவுகளை முக்கியமான சாட்சியமாக எடுத்துக்கொண்டது. அரசு எவரையும் கண்காணிக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நம் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை.

சட்டம் கேட்பது வேறு. யார் சொல்லி, என்ன காரணத்துக்கு, எத்தனை நாளைக்கு என்று எழுத்தில் இருக்கிறதா, அதில் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று கேட்கிறது. இந்தக் கோணத்தில் உங்களுக்கு நடந்ததைப் பார்த்தால், அது எவ்வளவு பெரிய ஓட்டை என்பது தெரியும். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

உங்கள் போன் பேச்சை அரசு தூரத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தொடங்கி இப்போதைய 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வரை அதற்கு இரண்டே வாசல்தான்: பொது நெருக்கடி, இல்லையென்றால் பொதுப் பாதுகாப்பு. அந்த வாசலுக்குள் நுழைந்த பிறகும் நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற குறிப்பிட்ட காரணங்களில் ஒன்று இருந்தாக வேண்டும். 1996இல் ஒட்டுக்கேட்பை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. உள்துறைச் செயலாளர் நிலையில் இருப்பவர்தான் காரணத்தை எழுதி உத்தரவிட வேண்டும். அதை ஒரு குழு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது. 2024 டிசம்பரில் வந்த விதிகளின்படி ஓர் உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது. உள்துறைச் செயலாளரிடம் போக நேரமில்லாத அவசரத்தில் ஐ.ஜி. நிலைக்குக் குறையாத அதிகாரி உத்தரவிடலாம்; ஆனால் ஏழு வேலைநாளுக்குள் மேலிருந்து ஒப்புதல் வராவிட்டால் ஒட்டுக்கேட்பை நிறுத்திவிட வேண்டும்.

ஆக, குண்டு வைக்கப்போகிறவன் என்று சந்தேகிக்கப்படும் ஒருவனுடைய பேச்சைக் கேட்கவே இத்தனை கையெழுத்து தேவை. உங்களிடம் அன்றிரவு நடந்தது என்ன? ஒரு கை நீண்டது, நீங்கள் போனைக் கொடுத்தீர்கள், அவர் பல ஆண்டு உரையாடல்களைத் தள்ளிப் பார்த்தார். உத்தரவு இல்லை, காரணம் இல்லை, பார்த்தார் என்பதற்குப் பதிவும் இல்லை. ஒட்டுக்கேட்பவருக்குக் கிடைப்பது அன்றைக்குப் பேசும் பேச்சு மட்டும். உங்கள் போனைத் திறந்தவருக்கு உங்கள் வாழ்க்கை மொத்தமும் கிடைத்தது. உங்கள் அக்காவின் உடம்பு பற்றிய விவரமும் கிடைத்தது. அந்தப் பெண்ணை எந்த பேரிகார்டிலும் யாரும் நிறுத்தவில்லை. ஆனாலும் அவர் சோதிக்கப்பட்டார், அது அவருக்குத் தெரியவும் தெரியாது. உங்கள் கடிதத்தில் நான் மறுபடி மறுபடி படித்தது அந்த வரியைத்தான்.

இனி சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சீருடையில் இருக்கும் எந்தக் காவலர் கேட்டாலும் லைசென்ஸைக் காட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 130ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. 2018இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 139இன்படி டிஜிலாக்கரில் காட்டினாலே போதும். சிக்கல் அங்கேதான் நுழைகிறது. பர்ஸிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தால் அவர் கையில் இருப்பது அட்டை மட்டும். டிஜிலாக்கரைத் திறந்து கொடுத்தால், பூட்டுத் திறந்த போனே அவர் கையில். லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்ற கடமை, வாட்ஸ்அப்பைக் காட்டும் கடமையாக மாறிவிடாது.

போனைச் சோதிக்கக் காவல்துறைக்கு அதிகாரமே இல்லையா என்றால், இருக்கிறது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவின்படி, விசாரணைக்குத் தேவை என்றால் போன் போன்ற கருவிகளை ஒப்படைக்கச் சொல்லி எழுத்தில் உத்தரவு தரலாம். 185ஆவது பிரிவின்படி நிலையப் பொறுப்பு அதிகாரியோ விசாரணை அதிகாரியோ காரணத்தை எழுதி வைத்துவிட்டுச் சோதனை போடலாம். 105ஆவது பிரிவின்படி சோதனையை வீடியோ எடுக்க வேண்டும். போனே திருட்டுப் போனாக இருக்கலாம் என்று நியாயமான சந்தேகம் இருந்தால் கைப்பற்றவும் வழி உண்டு. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு குற்றம், ஒரு சந்தேகம், ஒரு விசாரணை இருக்க வேண்டும். வழியில் போகிறவர் போனை வாங்கி, ஏதாவது சிக்குகிறதா என்று மேய்வதற்கு இவற்றில் எதிலும் இடமில்லை. 2021 அக்டோபரில் ஹைதராபாத்தில் தெருவில் போகிறவர்களின் போனை வாங்கி, கஞ்சா என்ற சொல்லைத் தேடிப் பார்த்த காட்சி வெளியானபோது நாடு முழுவதும் வழக்கறிஞர்கள் எழுப்பிய ஆட்சேபமும் இதுதான்.

முகத்தைப் படம் எடுத்தது இன்னொரு விஷயம். கைரேகை, கருவிழி, புகைப்படம் போன்றவற்றை எடுக்க 2022இல் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் வந்தது. தண்டிக்கப்பட்டவர்கள், கைதானவர்கள், தடுப்புக் காவலில் இருப்பவர்கள் என்று அது ஆட்களை வரையறுக்கிறது. மற்றவர்களிடம் எடுக்க வேண்டுமானால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். எடுத்த பதிவு 75 ஆண்டு இருக்கும் என்பதால்தான் இந்த வரையறை இவ்வளவு முக்கியம். நீங்கள் கைதாகவில்லை. ஆக அந்தச் சட்டத்தின் கீழ் உங்கள் முகத்தை எடுக்க வழியில்லை. சாலையில் நிற்பவரின் முகத்தை மென்பொருளில் ஒப்பிட்டுப் பார்க்க நம் நாட்டில் தனிச் சட்டமும் கிடையாது.

ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன நஷ்டம் என்று அப்பா கேட்பார். அந்த மென்பொருள் ஆளை அடையாளம் சொல்வதில்லை, இத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று சொல்கிறது. 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் பொருந்தியதாக எடுத்துக்கொள்வோம் என்று தில்லி காவல்துறை தகவல் அறியும் உரிமை மனு ஒன்றுக்குப் பதில் கொடுத்திருக்கிறது. மீதமுள்ள சதவீதத்துக்குள் உங்கள் சாயலில் இருக்கும் யாரோ ஒருவனுடைய குற்றம் உங்கள் தலையில் விழ இடமிருக்கிறது. சேர்த்து வைத்த தகவல் பத்திரமாக இருக்குமா என்பது அடுத்த கேள்வி. 2024 மே மாதம், தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் ஒரு நிர்வாகக் கணக்கின் பாஸ்வேர்டு வழியாக வெளியார் புகுந்துவிட்டார்கள் என்பது வெளியே வந்தது. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை எப்படி மாற்றுவது, தம்பி?

"தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்" என்ற வாதம் நம் நீதிமன்றங்களுக்குப் பழையது. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். கொள்ளை வழக்கில் பிடித்தார்கள், சாட்சியம் இல்லை, விட்டுவிட்டார்கள். ஆனால் ஸ்டேஷனில் அவர் பேரில் ஒரு கோப்பு திறந்தார்கள். அதற்குப் பிறகு ராத்திரி நேரத்தில் காவலர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள், கத்துவார்கள், தூங்குகிறவரை எழுப்பி வெளியே வரச் சொல்வார்கள். 1962இல் அவர் வழக்கை விசாரித்த ஆறு நீதிபதிகள் அமர்வு, ராத்திரியில் வீட்டுக்கு வந்து தட்டுவதை மட்டும் தடுத்தது. மற்றக் கண்காணிப்பைத் தொடர விட்டது, அந்தரங்கம் அடிப்படை உரிமை இல்லை என்றும் எழுதியது. நீதிபதி சுப்பா ராவ் அதோடு ஒத்துப்போகவில்லை. எந்நேரமும் தன்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்போடு நடப்பவனை எப்படிச் சுதந்திர மனிதன் என்பது என்ற கவலை அவருடைய மாறுபட்ட தீர்ப்பில் இருந்தது. அவர் எழுதியது சரி என்று நாடு ஒப்புக்கொள்ள 55 ஆண்டு ஆயிற்று. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவின் கீழ் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள்.

அந்த உரிமைக்கு வரம்பே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அரசு அதற்குள் கை வைக்கலாம். ஆனால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது, தவறு நடந்தால் தடுக்கக் காவல் ஏற்பாடு இருக்க வேண்டும். உங்கள் அப்பா கேட்கும் பாதுகாப்பும் நீங்கள் கேட்கும் அந்தரங்கமும் இந்த நான்கு நிபந்தனைக்குள் சேர்ந்தே இருக்க முடியும். அன்றிரவு நடந்தது முதல் நிபந்தனையிலேயே தடுக்கி விழுகிறது.

சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் கொடுத்த ஒரு தீர்ப்பை அப்பாவிடம் சொல்லுங்கள். ஒரு லஞ்ச வழக்கில் 2011இல் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவை நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். லஞ்சம் குற்றம்தான், ஆனால் அதைப் பிடிக்க ரகசியமாகப் பேச்சைக் கேட்பது பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்ற வாசலுக்குள் வராது என்றார். தில்லி உயர் நீதிமன்றம் ஏறக்குறைய அதே சமயத்தில் இன்னொரு ஊழல் வழக்கில், பெருந்தொகை ஊழல் பொதுப் பாதுகாப்பைத் தொடும் என்று எதிர்ப்பக்கம் சாய்ந்தது. எனக்குச் சென்னைத் தீர்ப்புதான் சரியாகப் படுகிறது. பாதுகாப்பு என்ற சொல்லை எல்லாக் குற்றத்துக்கும் இழுத்து விரித்தால், உண்மையில் குண்டு தேட வேண்டிய நேரத்தில் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போய்விடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எழுத்தில் உத்தரவு என்று நான் பெரிதாகச் சொன்ன அந்த ஏற்பாடும் நன்றாக நடக்கவில்லை. ஒட்டுக்கேட்பு உத்தரவுகளைச் சரிபார்க்கும் மறுபரிசீலனைக் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் அரசுச் செயலாளர்கள். நீதிபதி ஒருவரும் கிடையாது. ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளை அந்தக் குழு பார்க்க வேண்டியிருக்கிறது என்று தரவுப் பாதுகாப்பை ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் தன் அறிக்கையில் எழுதியது. உத்தரவுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலே 15,000 உத்தரவுக்கு 250 மணி நேரம் ஆகிறது. எந்தச் செயலாளர் அத்தனை நேரம் உட்கார்வார்? பிரிட்டனில் 2016 சட்டத்துக்குப் பிறகு அமைச்சர் கையெழுத்திட்டாலும் ஒரு நீதித்துறை ஆணையர் ஒப்புக்கொண்டால்தான் ஒட்டுக்கேட்பு உத்தரவு செல்லும்; நம் ஊரிலும் அப்படி ஒரு நீதிபதியின் கண் பட வேண்டும் என்று நான் பல மேடைகளில் கேட்டு வருகிறேன். போனுக்குள் புகுந்து உளவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் விவகாரம் 2021இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் நீதிமன்றம் ஒதுங்கிப் போய்விடாது என்று கூறி ஒரு நிபுணர் குழுவை அமைத்தார்கள். சோதித்த 29 போன்களில் 5இல் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தானா என்று உறுதியாகவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று அந்தக் குழு சொன்னதாக 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதியே திறந்த நீதிமன்றத்தில் குறிப்பிட்டார். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 17ஆவது பிரிவில் அரசு அறிவிக்கும் தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்று நான் சொல்லும்போது, இந்த ஓட்டைகளையும் மனசில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

இனி, நாளை ராத்திரி மறுபடி நிறுத்தினால் என்ன செய்வது? வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, கேட்ட விவரத்தைச் சொல்லுங்கள். லைசென்ஸ் அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்வது உத்தமம். டிஜிலாக்கர்தான் என்றால் போனை உங்கள் கையிலேயே வைத்துக் காட்டுங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் ஒரே செயலியைத் திரையில் நிறுத்தி வைக்கும் வசதி உண்டு. அதிலிருந்து வெளியேற பின் நம்பர் கேட்கும்படி அமைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்புக்குத் தனிப் பூட்டும் போட்டுவிடுங்கள். போனைத் திறக்கச் சொன்னால், "சார், கேஸ் ஏதாவது இருக்கா? எழுத்துல குடுங்க, ஸ்டேஷனுக்கே வந்து காட்டறேன்" என்று குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். அதற்கு மேலும் பிடுங்கினால் இழுக்காதீர்கள், கை வைக்காதீர்கள். கடமையைத் தடுத்தார் என்று ஒரு வழக்கு உங்கள் மேல் விழுந்தால், யார் பக்கம் நியாயம் என்பது தெரியவே சில ஆண்டு ஆகிவிடும். அதுவரை வாய்தாவுக்கு அலைகிறவர் நீங்கள்தான். அவர் கண் முன்னால் எதையும் அழிக்கவும் வேண்டாம், சாட்சியத்தை மறைத்தார் என்று அதையே திருப்புவார்கள். பாஸ்வேர்டைச் சொல்லக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. அதனால் தெருவில் நின்று அதை வாதாடாமல், எழுத்தில் கேளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் பெயர்ப் பட்டை, இடம், நேரம், ரோந்து வண்டி எண்ணை மனசில் பதித்து, வீட்டுக்குப் போனதும் ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள்.

நடந்து முடிந்ததற்கு இரண்டு மனு போடலாம். ஒன்று, கமிஷனருக்கோ மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ பதிவுத் தபாலில் புகார். யாரைத் தண்டிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுத வேண்டாம். என்ன நடந்தது, எடுத்த படத்தை நீக்க வேண்டும், அவ்வளவு போதும். அதில் பலனில்லை என்றால் மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம், சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, அவருக்குச் சம்மதம் என்றால் மட்டும் ஸ்கேன் ரிப்போர்ட் பற்றிய வரியைச் சேருங்கள். அது அவருடைய விஷயம்.

இரண்டாவது தகவல் அறியும் உரிமை மனு. சாதாரணக் காவல் நிலைய வேலைக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இல்லை. பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, வாகனச் சோதனையில் பொதுமக்களின் முகத்தைப் படம் எடுக்க அதிகாரம் தரும் அரசாணை அல்லது சுற்றறிக்கையின் நகல், அந்தப் படங்கள் எத்தனை நாள் வைக்கப்படுகின்றன என்ற விதி, நீக்கக் கோரினால் யாரிடம் கோருவது, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணமாகக் கேட்டால், இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்லித்தான் தீர வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். மனுவை எழுதும்போது அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், முகவரி எழுதுவதை அவரிடம் விடுங்கள். 30 நாளில் பதில் வந்தால் அதை எனக்கு அனுப்புங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள், மேல்முறையீட்டு மனுவை நான் எழுதித் தருகிறேன்.